வாகரைக்குப் போன பஞ்சுக் குச்சிகள்

சென்னையிலிருந்து கொழும்புக்குப் பறக்கும் நேரத்தில் ஒரு தூக்கம்கூட ஒழுங்காகப் போட முடியாது. அந்தக் குட்டிப் பயணத்துக்கு ஜன்னலோர இருக்கைதான் வேண்டும் என்று பயண முகவரோடு மல்லுக்கு நின்றேன். எனக்கு அது முதல் வெளிநாட்டுப் பயணம், கடலை மேலிருந்து பார்த்தே தீருவது என்று அடம். கடைசியில் கிடைத்தது இறக்கைக்கு நேர் மேலே இருந்த ஜன்னல். இலங்கை வரும்வரை இறக்கையைப் பார்த்துக்கொண்டே போனேன். அதன் மேல் மிதிக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. எனக்கு அப்படி ஒரு யோசனை இருக்கவும் இல்லை.

சுற்றிப் பார்க்கப் போகிறவன் இல்லை நான். ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மனிதர்களை எனக்குச் சோதனைக் குழாய்களாகத்தான் தெரியும். குழாய்க்கு மூக்கு, முழி, கோபம் எதுவும் கிடையாது என்பதால் இத்தனை வருடம் நிம்மதியாக ஓடிவிட்டது. சுகந்தி என்ற குழாய் மட்டும் அடிக்கடி வந்தது. பத்தொன்பது வயதுப் பெண். அவள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை ரத்தம் ஊற வைப்பதை நிறுத்திவிட்டது. யாருடைய ரத்தத்தையாவது ஏற்றி ஏற்றி நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். வேறொருவரின் மஜ்ஜை கிடைத்தால் பிழைப்பாள். ஆனால் அந்த வேறொருவர் கண்டபடி யாராகவும் இருக்க முடியாது.

நம் உடம்பின் அணுக்கள் ஒவ்வொன்றும் 'நான் இந்த வீட்டு ஆள்' என்று அடையாளச் சீட்டு மாட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சீட்டை எப்படி அச்சடிப்பது என்ற குறிப்பு டி.என்.ஏ.வில் இருக்கிறது. சீட்டு பொருந்தாத மஜ்ஜையை ஏற்றினால், வந்த விருந்தாளி வீட்டுக்காரரையே அடிக்கத் தொடங்கிவிடுவார். குறிப்பில் பாதி அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வருவதால், கூடப்பிறந்த ஒருவருக்கு முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. சுகந்திக்கு ஒரு தம்பி இருந்தான். வாகரையில் சுனாமி வந்த காலையில் அப்பாவோடு அவனும் போய்விட்டான். பிறகு அங்கே சண்டை மூண்டு, அம்மா பூமணி மகளைக் கூட்டிக்கொண்டு படகேறித் தமிழ்நாட்டு முகாமுக்கு வந்து சேர்ந்தார்.

சொந்தத்திலேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற நம்மவர்களில், கூடப்பிறக்காத உறவிலும் சில நேரம் பொருத்தம் கிடைத்துவிடும். ஊரில் மிச்சமிருக்கும் உறவினர்களின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்து வந்தால் போதும் என்றார் எங்கள் மருத்துவர். போர் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, பாதை திறந்திருந்தது, அனுமதிகளையும் அவரே வாங்கிவிட்டார். யாரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது என்று கேட்டார். மைத்துனன் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னதை நம்பி எடுத்துவைத்த ஒன்று என்னிடம் இருந்தது. இப்படித்தான் நான் விஞ்ஞானியானேன்.

மட்டக்களப்பில் பேருந்தை விட்டு இறங்கியதும் ஒரு கடையில் பிட்டும் மீன் சொதியும் கூனிச் சம்பலும் சாப்பிட்டேன். கூனி என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சின்ன இறால். எங்கள் ஊரில் அதைக் கோழிக்குப் போடுவார்கள் என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிவைத்தேன். அவர் என் தட்டைப் பார்த்தார். மூன்றாவது தடவையாகச் சம்பல் வாங்கிப் போட்டிருந்தேன். "கோழிக்கு இன்னும் கொஞ்சம் வையுங்க" என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிவிட்டு அவர் எழுந்து கை கழுவப் போனார்.

வாகரைக்கு என்னைக் கூட்டிப்போக பூமணியின் தங்கை ஓர் ஆட்டோவை அனுப்பியிருந்தார். ஓட்டியவர் பெயர் சிவா. என் கையில் ஐஸ் பெட்டி ஒன்று இருந்தது. பஞ்சுக் குச்சிக்கு ஐஸ் தேவையே இல்லை, காய்ந்திருந்தால் போதும். ஆனால் ஐஸ் பெட்டி இல்லாமல் வந்தால் யார் என்னைப் பரிசோதனைக் கூடத்துக்காரன் என்று நம்புவார்கள்? வழியில் ராணுவச் சாவடியில் அதைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே குச்சிகளும், என் மனைவி கட்டிக் கொடுத்த இட்லிப் பொடியும் இருந்தன. ராணுவ வீரர் இளைஞர். குச்சி ஒன்றை உறையோடு தூக்கிப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். டி.என்.ஏ. என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, இரட்டைச் சுருள், மரபணு, மஜ்ஜை மாற்று சிகிச்சை என்று நான் வியர்க்க வியர்க்க விளக்கினேன். சிவா ஒரே சொல்லில் பதில் சொன்னார், விட்டுவிட்டார்கள்.

என்ன கேட்டார் என்றேன். "காது குடையிற சாமானா எண்டு கேட்டார். ஓம் எண்டிட்டன்" என்றார் சிவா. பாலம் கட்டிக்கொண்டிருந்த ஓரிடத்தில் ஆட்டோ மணலில் புதைந்தபோது, இறங்கித் தள்ளும்படி மரியாதையாகச் சொன்னார். ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ளினேன். ஆட்டோவைவிடப் பெட்டிதான் அதிகம் நகர்ந்தது.

பூமணியின் தங்கை பெயர் நாகம்மா. சுகந்திக்கு அவர் சின்னம்மா, ஆகவே எனக்கும் சின்னம்மா என்று வைத்துக்கொண்டேன். தகரக் கூரை போட்ட புது வீடு. கடற்கரையிலிருந்து தள்ளி, களப்பு என்கிற உப்பங்கழியின் பக்கமாகக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வீட்டு முன்னால் பந்தல் போட்டு நாற்காலி அடுக்கியிருந்தது. ஏதோ கல்யாண வீட்டுக்குத் தவறிப்போய் வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். எனக்காகத்தானாம். ரத்த உறவுகளைக் கூட்டி வையுங்கள் என்று தொலைபேசியில் நான் பெருமையாகச் சொன்னதை அவர்கள் சுத்தமாக நிறைவேற்றியிருந்தார்கள். கரடியனாற்றில் வயல் செய்யப் போனவர்கள்கூட வட்டை என்கிற வயல்வெளியில் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

இந்தப் பக்கத்தில் ஒருவரைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி, என்ன குடி என்பது. எங்கள் ஊரில் இதை இப்படிக் கேட்டால் அடி விழும். இங்கே குடி என்றால் தாய்வழிக் கூட்டம். அம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. அப்பா எவ்வளவு நல்லவரானாலும் வேறு குடிதான். கோயில் திருவிழாவில் முறை வருவதும், சாவு வீட்டில் முன்னால் நிற்பதும் குடியை வைத்துத்தான். ஒரு குடிக்குள்ளே கல்யாணம் செய்வதில்லை, எல்லாரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. சுகந்திக்கு ரத்தம் வேண்டும் என்றதும் அந்தக் குடி முழுக்க வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றது.

வரிசையை ஒழுங்குபடுத்தியவள் கோகிலா. முப்பது வயதிருக்கும், பாலர் பாடசாலை ஆசிரியை. பெரியவர்களையும் பாலர் பாடசாலைக் குரலிலேயே அதட்டினாள், அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். உறையில் பெயர் எழுதுவது, நாற்காலி போடுவது, எனக்குத் தேத்தண்ணி தருவது எல்லாம் அவள்தான். எங்கள் ஊர் 'சாரை' அவர்கள் பாணியில் 'சேர்' ஆக்கி என்னைக் கூப்பிட்டாள். அந்தச் சேரில் மரியாதை கொஞ்சமும் கேலி மிச்சமும் இருந்தது.

முதல் ஆளே பயந்தார். குச்சி தொண்டைக்குள் போய்விடுமாம். வலிக்காது என்று காட்ட நான் ஒரு குச்சியை எடுத்து என் கன்னத்தைத் தேய்த்துக் காட்டினேன். அடுத்தவரும் பயந்தார். மறுபடி காட்டினேன். கூட்டம் அதை ரசித்தது, எனக்கும் பிடித்துப்போயிற்று. சிவா தனக்கும் ஒன்று எடுக்கச் சொன்னார். அவர் எந்த உறவும் இல்லை, ஆனால் அவ்வளவு தூரம் ஓட்டி வந்தவரிடம் எப்படி மறுப்பது? அன்று மாலைக்குள் யாருக்கும் தேவைப்படாத இரண்டு பேருடைய டி.என்.ஏ.வையும் வாகரையிலிருந்து தாராளமாகச் சேகரித்துவிட்டேன், அவர்களில் ஒருவன் நான்.

இரண்டாம் நாள் மதியத்துக்குள் குச்சிகள் தீர்ந்தன. பெரிய வேலை முடித்த மிதப்பில் சாப்பிட உட்கார்ந்தேன். நண்டுக் கறி, சோறு, கடைசியில் சட்டியோடு எருமைத் தயிர். அந்தத் தயிரைச் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. எங்கள் தெருவில் பாக்கெட்டில் வருகிற தயிரைத் தண்ணீர் என்று சொன்னால் தண்ணீருக்குத்தான் அவமானம்.

டி.என்.ஏ. எப்படித்தான் இருக்கும் என்று சின்னம்மா கேட்டார். வலைக்குப் போடும் நைலான் கயிற்றில் ஒரு துண்டு கிடந்தது. அதன் இரண்டு புரிகளைப் பிரித்து, நடுவில் ஈர்க்குத் துண்டுகளைப் படிபோலச் செருகி, முறுக்கிப் பிடித்தேன். முறுக்கிய ஏணி, அவ்வளவுதான். (அதை இடப்பக்கமாக முறுக்கினேன் என்பதும், டி.என்.ஏ. வலப்பக்கமாகத்தான் முறுக்கிக்கொள்ளும் என்பதும் சென்னை வந்த பிறகு உறைத்தது. அங்கே யாரும் ஆட்சேபிக்கவில்லை.) ஒவ்வொரு படியும் இரண்டு பாதி. நாலே வகைப் பாதிகள். ஏ என்றால் எதிரே டி மட்டும், ஜி என்றால் எதிரே சி மட்டும், ஆள் மாறி உட்காராது. அதனால்தான் ஏணியை நடுவில் பிளந்தாலும், ஒரு பக்கத்தை வைத்து மறுபக்கத்தைத் தப்பில்லாமல் கட்டிவிடலாம். உடம்பு தினமும் அதைத்தான் செய்கிறது. எங்கள் தொழிலும் அதை நம்பித்தான் நடக்கிறது. வியாதியைக் கண்டுபிடிக்க, மருந்தைத் தேர்ந்தெடுக்க, யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்ல எல்லாவற்றுக்கும் இந்த ஜோடிகளைப் படித்தால் போதும் என்றேன்.

சின்னம்மா கயிற்றை வாங்கிப் பார்த்தார். "அப்ப இது கொண்டான் கொடுத்தான் போலத்தான் தம்பி. இந்தக் குடி எண்டா அந்தக் குடியிலதான் எடுக்கிற, குடுக்கிற."

அருமையாகச் சொன்னீர்கள் என்று பாராட்டிவிட்டு நண்டுக் காலைக் கடித்தேன். அவர் தன் போக்கில் பேசிக்கொண்டே போனார். அவர்கள் வீட்டிலும் அப்படித்தானாம். அக்கா பூமணியை ஒரு வீட்டில் கொடுத்தார்கள், அந்த மாப்பிள்ளையின் தங்கையையே இவர்கள் அண்ணனுக்கு எடுத்தார்கள். ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம். அந்த அண்ணியும் சுனாமியில் போனார், சின்னப் பிள்ளைகளும் போனார்கள். அண்ணன் பிறகு சண்டையில் ஷெல் விழுந்து, செல்லடியில் போனார்.

"மிஞ்சினது இவள் மட்டும்தான்" என்று சின்னம்மா கோகிலாவைக் காட்டினார். அவள் எனக்குத் தயிர் போட்டுக்கொண்டிருந்தாள்.

நண்டுக் கால் என் வாயிலேயே நின்றுவிட்டது. சுகந்தியின் அம்மாவும் கோகிலாவின் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். சுகந்தியின் அப்பாவும் கோகிலாவின் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். பந்தலில் வாயைத் திறந்த அத்தனை பேரும் ஒரு பக்கத்து உறவு. இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தவள் ஒருத்திதான். இரண்டு நாளாக அவள் கையால் தேத்தண்ணி குடித்திருக்கிறேன், அவள் எழுதிய உறைகளை நக்கி ஒட்டியிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம், குச்சியைத் தொடுவதற்கு முன் குடும்ப மரத்தை வரையுங்கள் என்பது.

நீங்கள் ஏன் வரிசையில் வரவில்லை என்று கேட்டேன்.

"நீங்க ரத்த உறவெண்டுதானே சேர் கேட்டீங்க" என்றாள் கோகிலா. "நான் வேற குடி. சுகந்திக்கு நான் மச்சாள்."

எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அவர்கள் கணக்கில் தப்பே இல்லை. குடி தாய்வழி, மச்சாள் வேறு குடி, முடிந்தது. தப்பு, சம்பளம் வாங்கிக்கொண்டு இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவனுடையது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். இட்லிப் பொடிதான் கொட்டியது.

மறுநாள் காலையில் கோகிலாவையும் சின்னம்மாவையும் ஏற்றிக்கொண்டு சிவாவின் ஆட்டோவில் மட்டக்களப்புக்குக் கிளம்பினோம். மருந்துக் கடையில் சுத்தமான பஞ்சுக் குச்சி கிடைக்கும் என்று நம்பினேன். அன்றே நான் கொழும்புக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். ஆட்டோ எங்கே மக்கர் செய்ய வேண்டுமோ அங்கேயே செய்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். சிவா ஒரு போத்தலோடு பெட்ரோல் தேடிப் போனார், சின்னம்மா நிழல் தேடிப் போனார். நான் களப்பைப் பார்த்தபடி நின்றேன். தூரத்தில் ஒரு தோணி, வலையை உதறும் ஒருவர், அசையாத தண்ணீர். அழகாக இருக்கிறது என்று கோகிலாவிடம் சொல்லத் திரும்பினேன். அவள் ஆட்டோவுக்குள், தண்ணீர் தெரியாத மாதிரி சீட்டின் முதுகைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"பொருந்தினா நான் அங்க வரோணுமா?" என்று கேட்டாள்.

வர வேண்டும் என்றேன். மஜ்ஜை கொடுப்பதில் பெரிய ஆபத்து இல்லை, சில நாள் இடுப்பு வலிக்கும், திரும்ப ஊறிவிடும். இதையெல்லாம் நான் நன்றாகவே விளக்குவேன். அவள் கேட்டது அதை இல்லை. விமானம் கடலுக்கு மேலாலேயா போகும் என்று கேட்டாள். ஆமாம், ஜன்னலோரம் உட்கார்ந்தால் கடல் முழுக்கத் தெரியும், பிரமாதமாக இருக்கும் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. வாய் என்று ஒன்றை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு.

அவள் கோபிக்கவில்லை. சுனாமி வந்த அன்று காலை ஒரு முந்திரிகை மரத்தில் தொங்கிக் கிடந்ததாகச் சொன்னாள். அந்த மரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாளாம். அதற்குப் பிறகு கடலைப் பார்த்ததில்லை, பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தால் மற்ற ஆசிரியையை அனுப்பிவிடுவாளாம். "வரமாட்டன் எண்டு சொல்லல்ல சேர். ஏலுமா எண்டு எனக்கே தெரியா. அதான் முன்னுக்கே சொல்றன்."

ஒரு பக்கத்துத் தண்ணீரையாவது மறைக்கிற மாதிரி ஆட்டோவின் வாசலில் வந்து நின்றேன்.

மட்டக்களப்பில் ஏறிய முதல் இரண்டு மருந்துக் கடைகளில் மருத்துவமனைக் குச்சி இல்லை. மூன்றாவதில், பிரிக்காத பாக்கெட்டில் காது குடையும் பஞ்சுக் குச்சி தந்தார்கள். சாவடியில் சிவா சொன்னது கடைசியில் உண்மையாகிவிட்டது. சாப்பாட்டுக் கடை ஒன்றின் கை கழுவும் தொட்டியருகே கோகிலா வாய் கொப்பளித்தாள். நான் கையுறை போட்டுக்கொண்டு கன்னத்துக்கு இரண்டாகக் குச்சிகளைத் தேய்த்தேன். முதல் நாள் கோழிக்குச் சம்பல் போடச் சொன்ன அதே மனிதர் எதிர் மேசையிலிருந்து, பிள்ளைக்குப் பல் வலியா என்று விசாரித்தார். மின்விசிறிக்குக் கீழே குச்சிகளைக் காயவைத்துவிட்டு நாங்கள் தேத்தண்ணி குடித்தோம். உறையில் கோகிலா தன் பெயரை எழுதினாள். உறவு என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, மச்சாள் என்று எழுதினாள். என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத்தான் மூன்று பேரும் திரும்பினார்கள்.

சென்னையில் ஐஸ் பெட்டி இல்லாமல் போய் இறங்கினேன், அதைச் சிவாவுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் குடி ஆட்களின் மாதிரிகள் ஒன்றும் பொருந்தவில்லை. அவரவர் அன்பு வேறு, அணு வேறு. என்னுடையதும் பொருந்தவில்லை, அதையும் பார்த்தேன் என்பதை மருத்துவரிடம் சொல்லவில்லை. சுகந்திக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. பூமணி வார்டு வாசலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார். நான் ஏதோ அவசர வேலை இருப்பதுபோலக் கடந்து போவேன்.

காதுக் குச்சியைக் கடைசியாக வைத்திருந்தேன். பயம்தான் காரணம். இப்படி இரண்டு பக்கமும் ஒட்டிய உறவில் முழுப் பொருத்தத்துக்குப் பதினாறில் ஒரு வாய்ப்பு. பதினைந்து பங்கு கைவிரிப்பு. அந்த முடிவுத்தாள் வந்தபோது, எங்கோ சுகந்தியின் மாதிரியே இரண்டாம் முறை ஓடிவிட்டது, என் வழக்கமான குளறுபடி என்று நினைத்தேன். வைத்திருந்த மிச்சக் குச்சியை எடுத்து, மறுபடி முதலிலிருந்து செய்தேன். அதே வரிசைதான், ஓரெழுத்து மாறவில்லை. சீட்டு பொருந்திவிட்டது.

மாடிப்படியில் ஓடினேன். பூமணி வழக்கம்போல எழுந்து நின்றார். ஆர் என்று மட்டும் கேட்டார். கோகிலா என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அண்ணனும் இல்லை, அண்ணியும் இல்லை, அவர்கள் விட்டுப்போனது என் பிள்ளைக்கு வந்து உதவுகிறதே என்று சொல்லிச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். குழாய்களோடு வேலை பார்ப்பவனுக்கு இந்தப் பழக்கம் இல்லாததால் கைக்குட்டை இல்லை, கோட்டில் துடைத்துக்கொண்டேன்.

வாகரைக்குத் தொலைபேசி போட்டோம். சின்னம்மா எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் கோகிலாவைக் கூவி அழைத்தார். பிறகு கோகிலாவின் குரல் வந்தது. பாலர் பாடசாலைக் குரல் இல்லை. பயணம் எப்போது, எத்தனை நாள், பள்ளிக்கு லீவு சொல்ல வேண்டும் என்றெல்லாம் கேட்டாள். நான் பதில் சொல்லிக்கொண்டே காத்திருந்தேன். வருவாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"சேர்" என்றாள் கடைசியில். "ஜன்னல் இல்லாத இடமாப் பாத்து எடுங்க. நான் வாறன்."

அன்று மாலையே பயண முகவரிடம் போனேன். ஜன்னல் பக்கம் கூடாது, நடு வரிசை, இரண்டு பக்கமும் ஆள் இருக்க வேண்டும், கடல் ஒரு பொட்டுக்கூடத் தெரியக் கூடாது என்று மேசையைத் தட்டிச் சண்டை போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை உற்றுப் பார்த்தார். போன முறை ஜன்னல் வேண்டும் என்று இதே மேசையைத் தட்டியது நீங்கள்தானே என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.